கிடை போட்ட காடு

சாத்தூர், நவம்பர் 1961

அன்புள்ள உங்களுக்கு,

விறகுப் பஞ்சம் தீர நீங்கள் புறம்போக்கில் விதைக்கச் சொன்ன சீமைக் கருவேலம் நன்றாகக் காய்த்தது. அந்தக் காயைத் தின்ற ஆடுகளைத்தான் எருவுக்காக நம் பருத்திக் காட்டில் இரவில் அடைத்துக் கிடை போடச் சொன்னேன். மழைக்குப் பின் போய்ப் பார்த்தால் பருத்திக்கு நடுவே எங்கும் ஆட்டுப் புழுக்கையிலிருந்து முளைத்த கருவேல முள்கன்றுகள். பிடுங்கினால் வரவில்லை. கையில் முள் தைத்திருப்பதால் எழுத்து கோணுகிறது.

கூட நின்ற ஆட்டுக்காரி வெள்ளைத்தாய் சிரித்தாள். "ஒங்களுக்கு வேற காடு இருக்கு தாயி. எங்க ஆடு மாடு மேயக் கம்மாதானே இருக்கு? அங்கனயும் ஐயா வெதைக்கப் போறாகளாமே?"

என்னால் சிரிக்க முடியவில்லை. கண்மாயிலும் விதைக்கும் உத்தரவு உங்கள் மேஜையில் இருப்பது எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது. ஒருநாள் வாருங்கள். ஒரே ஒரு கன்றை உங்கள் கையால் பிடுங்கிப் பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி