பிஞ்சு தாண்டிய பலாக்காய்

கையில் பலாப்பால் ஒட்டியிருக்கிறது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தும் விரலிடுக்கில் கொஞ்சம் போகவில்லை. எழுத எழுதத் தாளில் கறுப்பாக ஈஷிக்கொள்கிறது. இன்று காலை மேல்தட்டு மரத்தில் ஒரு பொலொஸ் வெட்டினேன், தாத்தா. இளம் பலாப்பிஞ்சு, என் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கத்தியை அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. கொட்டை இருக்கும் இடமே தெரியாமல் துண்டுகள் விழுந்தன. பாதியை மதிலுக்கு அப்பால் கொடுத்துவிட்டு, மீதியை அடுப்பில் ஏற்றிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது வேக எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும்.

தாத்தா என்று எழுதுவதைப் பார்த்தால் வேறு யாரும் குழம்பிப் போவார்கள். நானே குழம்பினேன். கட்டுகஸ்தோட்டைக்கு மேலே இந்தச் சரிவில் நான் குடிவந்த முதல் நாள், உங்கள் தங்கை பின்வாசலில் நின்று "தாத்தா, தாத்தா" என்று கூப்பிட, ஒரு கிழவர் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் அகப்பையோடு நீங்கள் வந்தீர்கள். உங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள் என்பது, முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு அன்றுதான் தெரிந்தது. என்னைவிட ஒரு வயது மூப்பு என்று தெரிந்ததும், "அப்ப நீங்களும் தாத்தான்டே செல்லுங்க" என்றீர்கள். பத்து வருடம் அப்படியே அழைத்தேன்.

என் வளவு மூன்று தட்டாக ஏறிப்போகும். மேல்தட்டும் உங்கள் பின் அடுக்களையும் ஒரே மட்டம். நடுவில் இடுப்பளவு மதில். உங்கள் வீடு காணி முழுவதையும் எடுத்துக்கொண்டதால் உங்களுக்கு மண் இல்லை, இரண்டு சாடியில் ரம்பையும் கறிவேப்பிலையும் மட்டும். எனக்கு மண் இருந்தது; ஆனால் சமைக்கும் மனம் இல்லை. கணவர் போய், பிள்ளைகள் இருவரும் கடல் கடந்த பிறகு, ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவது வீண் வேலையாகத் தெரிந்தது. வல்லாரையும் மரவள்ளியும் பூசணியும் காய்த்துக் குலுங்கும் தோட்டத்தின் நடுவில், பாணும் பருப்பும் தின்று வாழ்ந்தேன். அதையும் சட்டியிலிருந்தே, நின்றபடி.

அதை மாற்றியது காஸ் தட்டுப்பாடு. ஊரே வெற்றுச் சிலிண்டரோடு தெருவில் வரிசை பிடித்து நின்ற அந்த மாதங்களில், மூன்றாவது நாளும் வெறுங்கையோடு திரும்பிய என்னை நீங்கள் மதிலருகில் மறித்தீர்கள்.

"டீச்சர், போலிம்ல நின்டு நின்டு மெலிஞ்சி போறீங்களே. எங்கட விறகடுப்பு எரிஞ்சிக்கிட்டுத்தானே ஈக்கி? அந்த மரவள்ளியக் கொண்டாங்க."

"உங்களுக்கு எதுக்கு தாத்தா கரைச்சல்?"

"ஒரு கரைச்சலும் இல்ல. மண்ணு ஒங்கட, நெருப்பு எங்கட."

அன்று அவித்த மரவள்ளிக்குத் தேங்காய்ச் சம்பல் அரைத்துத் தந்தீர்கள். நான் வழக்கம்போல நின்றபடி ஒரு துண்டை வாயில் போட்டேன். "குதிரதான் நின்டு தின்னும். இரீங்க, டீச்சர்" என்று கதிரையைக் காலால் என் பக்கம் தள்ளினீர்கள். அன்றிலிருந்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். காஸ் திரும்பி வந்த பிறகும் என் கூடை மதிலேறிப் போவது நிற்கவில்லை. காலையில் நான் பறித்ததைப் பார்த்து அன்றைய கறியை நீங்கள் தீர்மானிப்பீர்கள். ஈரப்பலாவானால் பால் கறி. பூசணி இலையானால் சுண்டல். உங்கள் கறியை வாசம் பிடித்தே நாளைய கூடைக்கு என்ன பறிப்பது என்று நான் யோசிப்பேன். உடம்பிலும் கொஞ்சம் சதை வைத்தது.

நமக்கு இருந்த ஒரே பகை குரங்குகள். மேலே உள்ள காட்டிலிருந்து காலை ஏழுக்கு ஒருமுறை, பின்னேரம் நாலுக்கு ஒருமுறை, பள்ளிக்கூட மணி அடித்ததுபோல வந்து இறங்கும். பழைய இறுவட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். துணிப் புலி ஒன்றைக் கிளையில் உட்கார வைத்தேன். மறுநாள் ஒரு குட்டிக் குரங்கு அதன் மடியில் உட்கார்ந்து கொய்யா தின்றது. கடைசியில் பிஸ்கட் தகரமும் தடியும் எடுத்து மரத்தடியில் காவல் இருந்தேன். தகரத்தைத் தட்டி, "போ, அங்கால போ, சொல்றது விளங்கல்லயா?" என்று நான் அதட்டுவதைக் கேட்டு நீங்கள் மாடி ஜன்னலைத் திறந்தீர்கள்.

"என்ன டீச்சர், கொரங்குக்கும் பாடம் எடுக்கீங்களா? அதுகள் பரீட்ச எழுதப் போறதில்ல."

போன வருடத்துக்கு முந்திய வருடம் உங்களுக்கு நோய் கண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு வாய் முழுக்கப் புண். சோறு காகிதம் தின்பதுபோல இருக்கிறது என்றீர்கள். இன்னும் எடை குறைந்தால் அடுத்த தடவை மருந்து ஏற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் காலை உங்கள் மருமகள் மதிலருகில் வந்து நின்றாள்.

"மாமிக்கு ஒன்டுமே எறங்குதில்ல, டீச்சர். பொலொஸ் கறி மட்டும் கேக்குறாங்க. இவர் டவுன்ல வாங்கிக்கிட்டு வந்தாரு. ஒரு வாய் வெச்சிட்டுத் தள்ளிட்டாங்க. தண்ணில ஊறப்போட்ட காயாம். டீச்சர்ட மரத்துல ஒன்டு ஈக்கி, ஜன்னலால தெரியுதுன்டு செல்றாங்க."

இருந்தது. குரங்குகள் கடித்து எறிந்தவை போக ஒன்றே ஒன்று, அடிமரத்தோடு ஒட்டி. அப்போது அது ஒரு சிறிய தேங்காயளவு. அன்றே வெட்டியிருக்க வேண்டும். நான் வெட்டவில்லை. கோழிக்கூட்டுக் கம்பிவலையைச் சுற்றிக் கட்டி, மேலே உரப்பையைப் போர்த்தி, அடியில் கதிரை போட்டு உட்கார்ந்தேன்.

ஏன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நான் பிறந்தது மடுல்கெல்லப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில். அங்கே ஒரு காம்பராவில் பலாக்காய் வெட்டினால் பத்துக் காம்பராவுக்கும் போக வேண்டும். போதாத பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் வாசலுக்குப் போவது எங்கள் அம்மாவுக்கு வெட்கம். அந்த வெட்கம் எனக்கும் வந்துவிட்டது. உங்கள் வீட்டில் ஏழு பேர். அந்தச் சின்னக் காயை எப்படிக் கொடுப்பது என்று கூசினேன். வகுப்பில் கடைசிப் பிள்ளை எழுதி முடிக்கும்வரை கரும்பலகையை அழிக்கமாட்டேன் என்பது எனக்கு இருந்த பெருமை. காத்திருப்பதில் ஒரு பிழையும் வராது என்றே நம்பியிருந்தேன். தையல் டேப் எடுத்துச் சுற்றளவு பார்த்து அப்பியாசக் கொப்பியில் எழுதிவைத்தேன்.

"வெட்டுங்க, டீச்சர்" என்று ஜன்னலிலிருந்து குரல் வரும்.

"இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் தாத்தா. வீட்ல எல்லாருக்கும் காணணும்ல."

"நான் மட்டும்தானே திங்கப் போற?"

அதை நீங்கள் மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். நாலு நாள், இன்னும் ஐந்து நாள் என்று மூன்று கிழமை போனது. நீங்கள் கஞ்சித் தண்ணீரில் கிடந்தீர்கள்.

வெட்டிய அன்று கத்தி நடுவில் தடுக்கியது. இன்னும் அழுத்தினேன். இரண்டாகப் பிளந்தபோது ஒவ்வொரு கொட்டைக்கும் ரப்பர் போலத் தோல் வைத்திருந்தது. சுளை மெலிசு, கறிப் பலாக்காயாகவும் தேறவில்லை. பிஞ்சுப் பருவமும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு நீங்கள் போக வேண்டிய நாளுக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. இரண்டு பாதியையும் கையில் ஏந்திக்கொண்டு மதிலருகில் நின்றேன்.

"என்ன டீச்சர், சத்தத்தக் காணோம்?"

"முத்திருச்சு, தாத்தா."

பிறகு படிகளில் மெதுவாகச் செருப்புச் சத்தம். மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நீங்கள் அடுக்களைக்கு இறங்கி வந்தீர்கள். நான்கு கிழமைக்குப் பிறகு அன்றுதான். ஒரு கொட்டையை நகத்தால் அழுத்திப் பார்த்தீர்கள்.

"நேர்சரிக்கும் சரிவராது, இஸ்கூலுக்கும் சரிவராது. அந்த வயசு" என்றீர்கள். "மூஞ்ச அப்படி வெச்சிக்கிட்டு நிக்காதீங்க. சுண்டினாச் சரி."

முக்காலியில் அமர்ந்து பலகையை மடியில் வைத்தீர்கள். கை சீக்கிரம் களைத்துவிட்டதால் அரிவது என் வேலையாயிற்று. "இன்னும் மெலிசா. இது சுண்டலா, விறகா?" என்று என்னை விரட்டினீர்கள். நூலாக அரிந்ததை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, கடுகு, வெங்காயம், உள்ளிப்பூண்டு தாளித்து, துருவிய தேங்காயைப் போட்டுப் பிரட்டச் சொன்னீர்கள். மிளகாய் ஒன்றுகூட இல்லை. முதல் வாயை நெடுநேரம் நாக்கிலேயே வைத்திருந்தீர்கள். மருமகளும் நானும் உங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எரியல்ல."

ஒரு சிறு பீங்கான் நிறையச் சாப்பிட்டீர்கள். பின்னேரமும் கேட்டு வாங்கினீர்கள். அந்தக் காய் மூன்று நாளுக்கு வந்தது. முடிந்ததும் இந்தச் சரிவில் மரமுள்ள வீடுகளில் எல்லாம் ஏறி இறங்கி, பிஞ்சு எங்கும் மிஞ்சியிருக்காததால், அதே அரைகுறைப் பருவத்தில் இன்னும் இரண்டு வாங்கி வந்தேன். அந்த முறை எடை குறையவில்லை. மருந்து ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதம் எங்களோடு இருந்தீர்கள். அதில் நல்ல நாட்களும் இருந்தன. பெருநாளுக்கு அடுக்களையில் நின்று நீங்களே வட்டிலப்பம் அவித்தீர்கள்.

ஆனால் அன்று பீங்கானை வைத்துவிட்டுச் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. "சுண்டல் சரி. பொலொஸ் இன்னும் திங்கல்ல நான். அடுத்த காய எலிக்குட்டி மாதிரி ஈக்கிறப்பவே வெட்டுங்க, டீச்சர்." மரம் மறுபடி பிஞ்சு விடுமுன் நீங்கள் போய்விட்டீர்கள். அந்த ஒரு கறியை உங்களுக்குத் தர முடிந்த நாளில் நான் தரவில்லை. நீங்கள் ஒரு தடவைகூட அதைக் குறையாகச் சொல்லவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்து எல்லோரும் போன பிறகு, உங்கள் மருமகள் எனக்குத் தேநீர் தந்தபடி ஒன்று சொன்னாள். படுக்கையில் கிடந்த அந்த மூன்று கிழமையும் என் தகரச் சத்தம் நின்றால் நீங்கள் கண்ணைத் திறந்து, "டீச்சர் எங்க?" என்று கேட்பீர்களாம். மறுபடி சத்தம் கேட்டால் தூங்கிவிடுவீர்களாம். எனக்கு அது தெரியாது. காய்க்குக் காவல் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். உங்களுக்கு எத்தனையோ காரியங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்: சூடான சோற்றுக்கு, கதிரைக்கு, கேலிக்கு, அந்தப் பீங்கானை வழித்துச் சாப்பிட்டு என்னைத் தலைநிமிரச் செய்ததற்கு. இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்குப் பிறகு ஒரு பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. போதுமான அளவு சேரட்டும் என்று எதையும் வைத்திருப்பதில்லை. வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு, சொல்ல நிறைய விஷயம் சேர்ந்தால்தான் முன்பு பேசுவேன். இப்போது வெயில் அடிக்கிறது என்று சொல்லவும் பேசுகிறேன். நேற்றுப் புதுக் கொடியில் ஆறு பயற்றங்காய் இருந்தது. முன்பென்றால் ஒரு கறிக்குக் காணும்வரை கொடியிலேயே விட்டிருப்பேன். ஆறையும் பறித்து மதிலருகில் போய்க் கூப்பிட்டேன். உங்கள் மருமகள் வந்து என் கையைப் பார்த்தாள்.

"ஆறுதானா, டீச்சர்?"

"ஆறுதான்."

"சோத்துக்குள்ள போட்டாத் தேடித்தான் எடுக்கணும்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். சற்று நேரத்தில் அந்தப் பக்கம் கடுகு வெடித்தது.

நாளைக்கு மூன்று வெண்டிக்காய் பறிக்கும் பதத்துக்கு வரும். எடுத்துக்கொண்டு போவேன்.