படத்தில் இல்லாத கோல்காப்பாளருக்கு

என் அன்பு மச்சான் யூட்,

நீ இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. தெருவில் இறங்கினால் உன்னைக் காணலாம், பிறகென்ன கடிதம். இப்போது எங்கள் தமிழ்க் கடைத்தெரு லா ஷப்பலில் இறங்கினால் கடைக் கண்ணாடியில் ஒட்டிய உன் மரண அறிவித்தலைத்தான் காண்கிறேன். அதில் அரைவாசியை மறைத்து யாரோ கொத்துரொட்டி விளம்பரம் ஒட்டியிருக்கிறான். தற்செயலாம். கடைக்காரர் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

சிரிக்காதே. என் புத்தி உனக்குத் தெரியாததா?

புதினச் செய்தி ஒன்று சொல்கிறேன். எங்கள் அணிக்கு வரலாறு எழுதுகிறார்கள். ‘நாடில்லாத நாட்டணி’ என்று நீ பகிடி பண்ணுவாயே, அதே அணிக்குத்தான். கோடை விளையாட்டு விழாவில் பெரிய பதாகையாகக் கட்டப்போகிறார்களாம். பொறுப்பு எங்கள் பழைய கப்டன் ஜெயம் அண்ணை. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கிற தன் சாப்பாட்டுக்கடைக்கு எங்களைக் கூப்பிட்டு, எழுதியதை வாசித்துக் காட்டினார்.

நன்றாகத்தான் எழுதியிருந்தார். எங்களைப் போலவே வரைபடத்தில் இல்லாத நாடுகளின் அணிகளோடு மட்டும் நாங்கள் விளையாடியது. முதல் ஆட்டத்தில் எதிரணி தங்கள் தேசிய கீதத்தைத் தொண்டை கிழியப் பாடியது. எங்களுக்கு எந்தப் பாட்டு என்று கூட்டம் போட்டுச் சண்டை பிடித்து, கடைசிவரை முடிவு வராமல், நாங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றோமே, அதை ‘மௌன வணக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறார். நீ கேட்டிருந்தால் கதிரையிலிருந்து விழுந்திருப்பாய்.

பிறகு வீரர்களின் பெயர்கள் வந்தன. எல்லாருடைய பெயரும் இருந்தது. கோல்காப்பாளர் என்ற இடத்தில் மட்டும் பெயர் இல்லை.

“யூட்டின்ரை பேர் எங்கை அண்ணை?”

“கோல்காப்பாளர் எண்டு கிடக்குத்தானே. அது காணும்.”

“ஏன் அவனுக்கு மட்டும் அது காணும்?”

“சீலன், செத்த மனிசனைப் பற்றி என்னைக் கதைக்க வைக்காதை.”

எங்கள் அணியைத் தோல்வி கலைக்கவில்லை, ஒரு படம் கலைத்தது. ஊரில் சண்டை நடந்த காலம். வரைபடத்தில் இல்லாத எங்கள் நாட்டின் பெயர் எழுதிய ஜேர்சியோடு நாங்கள் வரிசையாய் நிற்க, நீ உன் கமராவால் எடுத்த படம். அது எப்படியோ மன்னாரில் ஆமியின் கைக்குப் போய்விட்டது. படத்தைக் காட்டி வீடு வீடாய் விசாரித்தார்கள். ஜெயம் அண்ணையின் தகப்பனைக் கொண்டுபோய் அடித்தார்கள். திரும்பி வந்த மனிதர் பிறகு நிமிர்ந்து நடக்கவே இல்லை.

படம் எடுத்தவன் யூட், படத்தில் இல்லாதவனும் யூட், நெகட்டிவ் இருப்பதும் யூட்டிடம். காட்டிக்கொடுத்தவன் யார் என்று வேறு கேட்க வேண்டுமா என்றார்கள். முதலில் உன்னோடு ஒருவரும் விளையாட வரவில்லை. கொஞ்சக் காலத்தில் ஒருவரோடு ஒருவரும் விளையாட வரவில்லை. அத்தோடு அணி முடிந்தது.

நான் உன்னை மட்டும்தான் சந்தேகிக்கவில்லை. மிச்சம் எல்லாரையும் சந்தேகித்தேன். ஜேர்சி அடித்துத் தந்த ரூ பெர்தொனே கடைக்காரர், வாங்கில் இருந்த மாற்று வீரர்கள், பந்துக்குக் காற்றடித்த அப்பாவி மனிதர் வரைக்கும். ஆனால் நீ ஏன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை? கேட்கும்போதெல்லாம் “விடடாப்பா, விளையாட்டுத்தானே” என்பாய். அது விளையாட்டா, மச்சான்?

அன்றைக்கு ஜெயம் அண்ணை உன்னைப் பற்றிய பேச்சை வெட்டிய வேகத்தைக் கண்டதும் எனக்குப் பொறி தட்டியது. இந்த மனிதர் ஏன் இவ்வளவு பதறுகிறார்? படத்தைக் கொடுத்ததே இவர்தானோ? அடி வாங்கியது அவருடைய சொந்தத் தகப்பன் என்பதுகூட என்னை நிறுத்தவில்லை. மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு நடந்து, வீட்டுக்கு வந்து உன் தங்கையிடம் சொன்னேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த றீற்றா கையை நிறுத்தினாள்.

“பாவம், அவரை ஏன் இழுக்கிறியள்? அந்தப் படத்தை ஊருக்கு அனுப்பினது எங்கட அண்ணா.”

உடனே கேட்டேன்: “ஆருக்கு அனுப்பினவன்?”

“எனக்கு. மாப்பிள்ளை பாக்க.”

வரவேற்பறைச் சுவரைக் காட்டினாள். கலியாணத்துக்கு வந்தபோது அவள் பெட்டியில் கொண்டுவந்த என் படம். இவ்வளவு காலமும் அதன் கண்ணாடியைப் பார்த்துத்தான் நான் சீப்பால் தலை இழுக்கிறேன். படத்தில் என் கழுத்தில் இருப்பது எங்கள் ஜேர்சியின் கொலர். உலகம் முழுக்கச் சந்தேகித்தவன், என் தலை எப்படி என் வீட்டுச் சுவருக்கு வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லையே.

அவள் சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். என்னிடம் தனிப்படம் இல்லாததால் நீ குழுப்படத்தை அனுப்பினாய். மாமிக்கு என் முகம் வடிவாய்த் தெரியவில்லை. என் தலையை மட்டும் பெரிதாக்கித் தரச் சொல்லி ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறா. ஸ்டூடியோக்காரர், எங்கட பெடியள் என்ற பெருமையில், மூலப்படத்தைத் தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டார். தன்னைப் படம் எடுக்க வந்த ஆமிக்காரன் ஒருவன் குனிந்து பார்த்திருக்கிறான். அவ்வளவுதான். காட்டிக்கொடுத்தவன் என்று ஒருவனும் இல்லை.

“நீ வாய் திறக்காதை, திறந்தா உன்னையும் அம்மாவையும்தான் சொல்லுவினம், கலியாணமும் குழம்பும் எண்டு அண்ணா சத்தியம் வாங்கினவர்,” என்றாள். பிறகு கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றினாள்.

“ஜெயம் அண்ணை உன்னை ஏசினா?” என்றேன்.

“ஏசட்டும். அண்ணா ஏச்சுக் கேட்டது காணும்.”

மறுநாள் இரண்டு பேரும் சாப்பாட்டுக்கடைக்குப் போனோம். றீற்றா ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். ஜெயம் அண்ணை அவளைப் பார்க்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியபோது, என் தோளில் கிடந்த ஒரு கையும் சேர்ந்து வந்துவிட்டது. சின்ன விரல் வளைந்த கை. அவர் தன் வலக்கையை அதற்குப் பக்கத்தில் வைத்தார். அதே விரல்.

“அப்பா சாகும்வரைக்கும் யூட்டைத்தான் திட்டினவர்,” என்றார். “ஒருக்கா என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, தங்கச்சி.”

“சொல்லியிருந்தா எங்களை விட்டிருப்பியளோ, அண்ணை?”

அவர் அழுதார், மச்சான். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அந்தப் பெரிய மனிதர் அழுதார். நானும்தான்.

உன் பெயரை எல்லாருக்கும் மேலே போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். ஆனாலும் நான் நம்பப்போவதில்லை. பதாகை அடிக்கிற அன்றைக்கு அச்சகத்தில் போய் நிற்பேன். உன் பெயர் மெஷினிலிருந்து வெளியே வந்து, மை காய்ந்து, கையால் தடவிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வருவேன். இது சத்தியம்.

நீ படம் பார்த்துத் தெரிந்தெடுத்த உன் தங்கையின் புருஷன்,
இடப்பக்கம் கடைசியாய் நின்ற
சீலன்