பதறாத குரல்

மார்ச் 4, செவ்வாய்
தங்கை தேநீர் குடித்த கையோடு மறுபடி கேட்டாள். "இப்பதானே குடிச்சே?" என்றால், "கணக்கு வச்சிருக்கியா, ஹெட்மிஸ்ட்ரஸ்?" என் கணவர் காலமான பிறகு இந்த வீட்டில் என்னை எதிர்த்துப் பேச மிஞ்சிய ஒரே வாய். மருத்துவர் சொன்னபடி வாசற்கதவுக்கு உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் வேண்டும். தச்சர் வெள்ளிக்கிழமை வருகிறாராம்.

மார்ச் 6, வியாழன்
சாயங்காலம் குளித்துவிட்டு வந்தால் இவளைக் காணோம். செருப்பு வாசலில் கிடக்கிறது. மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம் — எங்கும் இல்லை. போலீஸ் அவசர எண்ணை அழைத்தேன். வயது, புடவை நிறம், மறதி நோய், எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். "சரிங்கம்மா, பாக்கறோம்." யாரும் வரவில்லை. மறுபடி அழைத்தேன். "பசிச்சா வந்துடுவாங்கம்மா."
என் தங்கை என்ன, பூனையா?

மார்ச் 7
ஆலைக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில்.
தச்சர் வந்தார். திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 19
என் புகாரின் பேரில் ஆய்வாளர் கூப்பிட்டிருந்தார். அன்றைய ஒலிப்பதிவைப் போட்டார். "வணக்கம். தயவுசெய்து ஓர் உதவி வேண்டும்" — என் குரல்தான். நான் படித்த கான்வென்டில் மதர் தொலைபேசிக்கென்றே வகுப்பு எடுப்பார். குரல் உயர்ந்தால் பெஞ்சின் மேல் நிற்க வேண்டும்.
"நீங்களே கேளுங்கம்மா, எவ்வளவு நிதானம்! எங்க ஆளு ஏதோ விசாரிக்கறீங்கன்னு நெனச்சுட்டான். அவசரம்னு குறிக்கல."
"மறதி நோய்க்காரி, செருப்புகூட இல்லாம போயிட்டான்னு சொல்றேனே. அது கேக்குதா?"
"கேக்குதும்மா."
"அப்ப நீங்க குறிக்க வேண்டியது சொன்னதையா, அழுகையையா?"
சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு, "மேல சொல்லிப் பாக்கறோம்" என்றார். மறுபடியும் பாக்கறோம்!

ஏப்ரல் 2
பதில் வந்துவிட்டது. அழைத்தவரின் குரலில் பதற்றம் தென்படவில்லை. பணியாளர் மீது தவறில்லை.
அப்படியானால் — நானா? நான் அழுதிருந்தா அவ இருந்திருப்பாளா? ச்சீ, இவங்க எழுதிட்டா நான் தலையாட்டணுமா? மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன். முதல் வரியை மூன்று முறை அடித்தேன். பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 11
மாடியில் குடியிருக்கும் தையல்காரியின் மாமனாரைக் காணோம். அவருக்கும் மறதிதான். பாவம், பயத்தில் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. "போலீஸ்ல பாக்கறோம்னாங்கம்மா" என்று படியில் உட்கார்ந்துவிட்டாள். போனை வாங்கி நானே அழைத்தேன்.
கத்தினேன். ஐயோ, கடவுளே, பாவிங்களா — என் வாயில் வராததெல்லாம் வந்தது. மார்பில்கூட அடித்துக்கொண்டேன், அது போனில் தெரியவா போகிறது?
நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் தெருமுனையில் போலீஸ் வண்டிச் சத்தம். தண்டவாளத்தோரம் உட்கார்ந்திருந்த பெரியவரை இருட்டுவதற்குள் கூட்டி வந்துவிட்டார்கள். தையல்காரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.
தொண்டை கட்டிவிட்டது. உப்புநீரில் கொப்பளித்தேன்.
மேல்முறையீட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: கத்தினால் வர வண்டி இருந்தது.