பதினேழாம் நம்பர் வண்டியின் நோட்டு

இன்று காலை உப்பளத்தில் நான் போட்ட சத்தத்தில் நாலு வரப்பு தள்ளி நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துப் பாத்தி செல்விதான் காரணம். இடுப்பில் செருகியிருந்த ரேஷன் கார்டு நழுவி, கடல் தண்ணீர் வரும் கால்வாயில் விழுந்துவிட்டது. எடுத்துக்கொண்டு ஓடி வந்தவள் நேராக என் குடத்தைச் சாய்க்கப் போனாள்.

"யக்கா, கொஞ்சம் நல்ல தண்ணி எடுத்துக்கறேன். அலசிட்டுக் காய வச்சிடலாம்."

"ஊத்தாதடி! கைய எடு! ஊத்தினே, உன்னைத் தொலைச்சிடுவேன்!"

பாவம், மிரண்டுபோய் நின்றாள். ஒரு கார்டுக்கு இந்த ஆட்டமா என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கோ, ஈரத்தாளின் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் நோட்டு கண்முன்னால் வந்து நின்றுவிட்டது. நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். பால்பாயிண்ட் பேனாவில்தான் எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.

நம்முடைய குடித்தனத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். நான் மரக்காணத்தில் பாத்தியோடு, நீங்கள் தாம்பரத்தில் மின்சார வண்டியோடு. மீட்டர் கேஜ் வண்டிகளைப் பழுது பார்க்கும் ஷெட்டில் ஃபிட்டர் வேலை. வாரத்தில் ஒருநாள் லீவுக்கு பஸ் பிடித்து வருவீர்கள். வந்ததும் குளிப்பு, சாப்பாடு, அப்புறம் அந்த நீள நோட்டு. அந்த வாரம் எந்த வண்டிக்கு மோட்டார் மாற்றினீர்கள், எதற்குச் சக்கரம் கடைந்தார்கள், எது பெரிய ரிப்பேருக்குப் போய் எப்போது திரும்பி வந்தது, எல்லாவற்றையும் மைப்பேனாவில் தமிழில் முத்து முத்தாக எழுதுவீர்கள். எழுதினால் போதாதென்று எனக்குப் படித்தும் காட்டுவீர்கள். நான் மீன் கழுவிக்கொண்டே கேட்பேன்.

"பதினேழுக்கு இந்த வாட்டி மழையில மோட்டார்ல தண்ணி பூந்துடுச்சு. தண்டவாளம் முழுகிச்சில்ல, அப்ப. புதுசு போட்டோம். இன்னா ஓட்டம் ஓடுது தெரியுமா?"

"ஓடட்டும், ஓடட்டும். ஊட்டுக் கூரை ஒழுவறது உங்க நோட்டுல வராதா?"

"அது உன் டிபார்ட்மெண்ட்மே."

இப்படிப் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்த நோட்டுக்கு 'சக்களத்தி' என்று நான் பெயர் வைத்தேன். நீங்களும் விடவில்லை. பஸ் ஏறும்போது, "சக்களத்திய பத்திரமாப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போவீர்கள். உங்களுக்கு அது விளையாட்டு. எனக்குப் பாதி விளையாட்டு.

அரசாங்கத்திலேயே ஒவ்வொரு பெட்டிக்கும் ரிப்பேர் விவரம் எழுத ஒரு கார்டு இருக்கும்போது நீங்கள் எதற்கு எழுத வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். "பெட்டிய இனி ஓடாதுன்னு கண்டம் பண்ணா கார்டும் குப்பைக்குப் போயிடும்மே. அது இத்தினி வருஷம் எத்தினி பேர சுமந்துச்சுன்னு அப்புறம் எவனுக்குத் தெரியும்?" என்றீர்கள். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

உங்களோடு வேலை செய்தவர்கள் உங்களை 'உப்பு' என்றுதான் கூப்பிடுவார்களாம். நம் ஆட்கள் பாத்தித் தண்ணீரை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்து, உப்பு இறங்கும் பதமா இல்லையா என்று சொல்வோமே, அந்தப் பழக்கத்தை நீங்கள் அங்கேயும் கொண்டுபோய்விட்டீர்கள். பீச் ஸ்டேஷன் பக்கம் நின்று வந்த வண்டியை, கரண்டை நிறுத்திய பிறகு ஒரு துணியால் துடைத்து, துணியை நாக்கில் தொட்டுப் பார்ப்பீர்களாம். "உப்பு ஏறியிருக்கு, நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்கப்பா" என்று சொல்வீர்களாம். முதலில் சிரித்தவர்கள் பிறகு உங்கள் நாக்கை நம்பினார்கள் என்று நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். கடல் தண்ணீர் பட்ட எதையும் முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும், அலசாமல் காய வைத்தால் உப்பு உள்ளேயே இருந்துகொண்டு ஈரத்தை இழுக்கும், கடைசிவரை காயாது. இது நம் இரண்டு பேருக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். யாரும் சொல்லித்தந்து கற்றதில்லை.

இரண்டாயிரத்து நாலில் மீட்டர் கேஜ் மின்சார வண்டிகளை நிறுத்தினார்கள். அகலப் பாதைதான் இனி. அதே வருஷம் நீங்களும் ரிடையர் ஆனீர்கள். யார் கேட்டாலும், "நானும் கண்டம், வண்டியும் கண்டம்" என்று சிரித்தீர்கள். ஆனால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை தாம்பரம் போய், வரிசையாக நிறுத்தி வைத்த பெட்டிகளைப் பார்த்துவிட்டு வருவீர்கள். ஏலத்துக்குப் போகக் காத்திருந்தவை அவை.

அந்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை, நீங்கள் வந்த வேகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டீர்கள்.

"ஒண்ண மட்டும் நிறுத்தி வைக்கப் போறாங்கமே! ஜனங்க பார்க்கறதுக்கு. புதுசா வந்த ஆபீசர் நல்ல மனுஷன். முதல் நாள்லேர்ந்து கடைசி நாள் வரைக்கும் ஓடுன வண்டி எதுன்னு கேட்டாரு. பதினேழு சார்னேன். கார்டு இல்லியே, எழுத்துல இன்னா இருக்குன்னாரு. என்கிட்ட இருக்கு சார்னேன். திங்கக்கிழமை எடுத்தாங்க, அன்னிக்கே ஃபைல் போட்டுடறேன், அதுக்கப்புறம் லிஸ்ட் மூடிடும்னு சொல்லிட்டாரு."

அன்று நீங்கள் இரண்டு வாய் சோறு அதிகமாகச் சாப்பிட்டீர்கள். நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினீர்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த உங்களைப் பார்க்க, பெண்ணுக்கு வரன் குதிர்ந்த தகப்பன் மாதிரி இருந்தது. பிறகு டிரங்குப் பெட்டியில், என் கல்யாணப் புடவைக்கு மேலே அதை வைத்து மூடினீர்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது.

அந்தக் காலையைப் பற்றி ஊரே பேசி ஓய்ந்துவிட்டது, நான் என்னத்தைச் சொல்ல? நாம் ரோட்டு மேட்டுக்கு ஓடினோம். தண்ணீர் கழிமுகம் வழியாக ஏறி நம் வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்று வடிந்தது. நமக்கு உயிர்ச்சேதம் இல்லை. நீங்கள் கடலோரத்து எக்கியார்குப்பத்து ஜனங்களைத் தூக்க ஆட்களோடு ஓடிவிட்டீர்கள். மத்தியானம் நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். பெட்டிக்குள் சேற்றுத் தண்ணீர். நோட்டு ஓரமெல்லாம் நனைந்து ஊறியிருந்தது. உள்பக்கம் எழுத்து அப்படியே இருந்தது. ஆமாம், இருந்தது. நான் பார்த்தேன்.

எனக்குத் திங்கட்கிழமை ஒன்றுதான் மண்டையில் ஓடியது. உப்போடு விட்டால் காயாதே, ஒட்டிக்கொள்ளுமே! ஊர்க் கிணறெல்லாம் உப்பாகிவிட்ட நாள் அது. குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ரொம்ப தூரம் நடந்து, ஒரு தோட்டத்து போர் குழாயில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு குடம் வாங்கி வந்தேன். குடிக்க வைத்திருக்க வேண்டிய தண்ணீர். அதை அலுமினிய அன்னக்கூடையில் ஊற்றி, பக்கம் பக்கமாகப் பிரித்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போல நோட்டை அலசினேன். சேறு போவதைத்தான் பார்த்தேன். தண்ணீர் நீலமாவதைப் பார்த்தபோது பாதி நோட்டு முடிந்திருந்தது. நிறுத்தினேனா? இல்லை. சேற்றோடு சேர்ந்து மேல்சாயம்தான் போகிறது, காய்ந்தால் எழுத்து தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மீதியையும் அலசினேன். அட பாவி, அங்கேயாவது நிறுத்தியிருக்கக் கூடாதா?

நீங்கள் சாயங்காலம் வந்தீர்கள். சட்டையெல்லாம் சேறு. கொடியில் பரப்பியிருந்த வெள்ளைத் தாள்களைப் பார்த்தீர்கள். அன்னக்கூடையைப் பார்த்தீர்கள். குனிந்து அந்த நீலத் தண்ணீரில் விரலை விட்டு, நாக்கில் வைத்தீர்கள்.

"உப்பு சுத்தமாப் போயிடுச்சு" என்றீர்கள்.

அவ்வளவுதான். ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு என் கையிலிருந்த மைக்கறையைப் பார்த்துவிட்டு, "நீ ஏதாவது சாப்டியா?" என்று கேட்டீர்கள்.

நஷ்டம் எழுத வந்தவரிடம் வலை, பாத்திரம் என்று எல்லோரும் சொன்னார்கள். நீங்கள், "ஒரு நோட்டு" என்றீர்கள். அவர், "அதெல்லாம் எழுத முடியாதுங்க பெரியவரே" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவரை என்ன சொல்ல முடியும்? அன்று அவர் எழுதியதில் பாதி செத்தவர்களின் பெயர்.

பஸ் ஓடத் தொடங்கியதும் தாம்பரம் போனோம். என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அந்த ஆபீசர் உட்காரச் சொன்னார், டீ வாங்கித் தந்தார். "நோட்டு என்னாச்சுங்க?" என்று கேட்டார். அழுகையோடு நான் வாயைத் திறந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"சுனாமில போயிடுச்சு சார்."

அவர் ரொம்ப வருத்தப்பட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றார். அவர் மேல் தப்பில்லை. வெளியே வந்து பதினேழாம் நம்பர் பெட்டியை எனக்குக் காட்டினீர்கள். அத்தனை வருஷம் வாயால் கேட்ட வண்டியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். படிக்கட்டுப் பக்கத்துக் கம்பி, கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்றிருந்தது. "ஏறிப் பாரு" என்றீர்கள். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நீங்கள் கீழேயே நின்று, வண்டி கிளம்பப் போவதைப் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கொஞ்ச நாளில் அதை கேஸ் வைத்து அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று சேதி வந்தது.

அதன்பிறகு புது நோட்டு வாங்கி நினைவிலிருந்து எழுதப் பார்த்தீர்கள். நாலு பக்கம் போயிருக்கும். மோட்டார் மாற்றியது பதினேழுக்கா பத்தொன்பதுக்கா என்று குழம்பி, பேனாவை மூடி வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பீர்கள். "பதினேழுக்குத்தாங்க, மழையில தண்டவாளம் முழுகினப்ப" என்று ஒருநாள் சொன்னேன். நீங்கள் சடாரென்று நிமிர்ந்தீர்கள். "அப்புறம்? சக்கரம் எப்ப கடைஞ்சாங்க?" மீன் கழுவிக்கொண்டே கேட்டவளுக்கு அதற்குமேல் என்ன தெரியும்? உதட்டைப் பிதுக்கினேன். "பரவால்ல வுடு" என்றீர்கள். ஒரு வருஷம் உங்களை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு போட்டேன், வெந்நீர் வைத்தேன். வேறு எதுவும் என்னால் முடியவில்லை. இந்தத் தையில் ஒரு விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியத்துக்குத் தாம்பரத்திலிருந்து உங்கள் கூட்டாளிகள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். "சுனாமி மட்டும் வரலைன்னா உப்போட வண்டி இன்னிக்கு ஜம்முன்னு நின்னுருக்கும்மா" என்று ஒருவர் அழுதார். நான் அவர் இலையில் சோறு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

என்னால் இன்னும் ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. சக்களத்தி, சக்களத்தி என்று திட்டினேனே, அந்த வன்மத்தில் வேண்டுமென்றே செய்தேன் என்று ஒருநாளாவது நினைத்தீர்களா? நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் உங்கள் காலைப் பிடித்து இல்லை என்று சொல்லியிருப்பேன். இனி யாரிடம் சொல்வேன்?

செல்வியின் கார்டைத் துணியில் ஒற்றி நிழலில் வைத்தேன். இன்னும் பிசுபிசுக்கிறது, ஆனால் எழுத்து அழியவில்லை. வாங்கிக்கொண்டவள், "உனக்கு எப்டிக்கா இது தெரியும்?" என்றாள். அவளிடம் சொல்லிவிட்டேன். "கடல் ஒண்ணும் எடுத்துக்கினு போவலடி. அவரு நோட்ட நான்தான் அலசினேன்." அவள் கார்டை மடியில் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நோட்டு இன்னும் அதே டிரங்குப் பெட்டியில், அதே புடவை மேல்தான் இருக்கிறது. சற்று முன்புகூட எடுத்து ஒரு தாளை நாக்கில் தொட்டுப் பார்த்தேன். துளி உப்பில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது, இந்தக் கடற்கரையில் தீப்பெட்டிகூட நமத்துப் போகிறது, அந்தத் தாளில் மட்டும் ஈரம் ஏறவில்லை. அவ்வளவு நன்றாக அலசியிருக்கிறேன்.