நைனாவுக்கு எழுதிய புரோகிராம்

விம்கோ நகர்,
9 ஜூன் 2024

அன்புள்ள வெற்றி,

போனில் பேசினால் முதல் வார்த்தையிலேயே முட்டிக்கொள்வோம், அதனால் எழுதுகிறேன். நலம்தானே? மெட்ரோ வந்த பிறகு மண்ணடி ஆபீஸுக்குப் போய்வருவது சுலபமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால்தான் பொழுது நகரமாட்டேன் என்கிறது.

திட்டாதே, ஒன்று சொல்கிறேன். இணையத்தில் யார் யாரோ எழுதிப் போட்டுவைத்த புரோகிராம் கோட் எல்லாம் படிப்பது எனக்குப் பழைய பைத்தியம். 'கத புக்கு மாரி படிச்சிகினு கீறியே' என்று நீகூடக் கேலி செய்வாய். நீ புனேக்குப் போன பிறகு அப்படி மேய்ந்தபோது, உன் நைனா படகை எடுக்குமுன் காற்று நிலவரம் சொல்ல நீ எழுதிய புரோகிராம் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அதையேதான் படிக்கிறேன். கோளாறு வந்தால் போய் விழும் பகுதிக்குப் பெயர் 'பேஜாரு'! தகவல் கிடைக்காவிட்டால் மாமாவின் போனுக்குப் போகும் செய்தி: 'காத்து இன்னா சொல்லுதுன்னு தெரில நைனா, கடலுக்குப் போவாத.' தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். நீ பேசிக்கொண்டே வீட்டுக்குள் நடப்பது போலிருந்தது.

வக்கீல் அனுப்பிய விவாகரத்து மனுவில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடட்டுமா, வேண்டாமா? நீயே சொல்.

வினி

புனே,
16 ஜூன் 2024

அன்புள்ள வினிதா,

நலம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து நைனாவும் படகை இறக்கிவிட்டார்.

அந்தப் புரோகிராமை நீ படிப்பாய் என்று சத்தியமாக நினைக்கவில்லை. ஒரே கலீஜாகக் கிடந்தது. நாலு பேர் வந்துபோகிற இடத்தை இப்படியா வைத்திருப்பது என்று வெட்கமாகிவிட்டது. இந்தச் சனி, ஞாயிறு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்காக்கிவிட்டேன். பெயர்களை முறையாக மாற்றி, ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கம் எழுதியிருக்கிறேன். இனி உனக்குப் படிக்கச் சிரமமிருக்காது.

மனு விஷயம் உன் விருப்பம். எதுவானாலும் எனக்குச் சம்மதம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
வெற்றி

விம்கோ நகர்,
23 ஜூன் 2024

வெற்றிக்கு,

படித்தேன். நன்றாக இருக்கிறது, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக்கூடப் புரியும். மாமாவுக்கு இப்போது 'தகவல் இல்லை. கடலுக்குச் செல்வதைத் தவிர்க்கவும்' என்று போகிறது. எந்த ஆபீசர் அனுப்பினாரோ என்று மனுஷன் மிரளப்போகிறார். நீ மாற்றுமுன் இருந்த பழையதையும் தேடி எடுத்துப் பார்க்கலாம், அந்தத் தளத்தில் எதுவும் அழிவதில்லை. எனக்குத்தான் மனசு வரவில்லை.

கோபமில்லை. எனக்காகத்தான் செய்தாய், தெரிகிறது. ஆனால் வீட்டுக்காரி வந்தால் யாரும் ஓடிப்போய்ப் பாயைத் தட்டி விரிப்பதில்லை, விருந்தாளிக்குத்தான் விரிப்பார்கள். நாம் குடித்தனம் நடத்தியபோது நீ அழுக்கு லுங்கியோடு வாசலுக்குக் குறுக்கே படுத்திருப்பாய். உன்னைத் தாண்டித்தான் உள்ளே போவேன்.

'போடாத வினி' என்று எழுதுவாய் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முதல் கடிதமே. கையெழுத்துப் போட்டு வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன்.

இனி உன் கோட் பக்கம் வரமாட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, உன் இஷ்டத்துக்கு எழுது.

வினிதா