புல்மேட்டில் கொடுத்த மனு

ஏப்ரல் 12

ஆட்டுக்குட்டிக் கண்காட்சியில் பரிசு வழங்கினேன். முதல் பரிசு வாங்கிய குட்டி என் கால்சட்டையை நனைத்தது. முப்பத்தெட்டு வருடம் ராணுவத்தில் கழித்து, லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வு பெற்று, இந்தத் தீவுக்கு ஆளுநராக வந்தவனுக்கு வாய்த்த வேலை இது. இறகு வைத்த தொப்பி, ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல், சலாம். ஆட்சியைச் சட்டசபை பார்த்துக்கொள்ளும்.

என் பழைய மேலதிகாரி ட்ரஸ்காட் இல்லையென்றால் தலைமைத் தளபதி நாற்காலி எனக்கு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தான். "நல்ல அதிகாரி. முடிவெடுக்கத் துணிவு போதாது" என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தான். எனக்கா துணிவு போதாது? பாவி.

ஏப்ரல் 30

துறைமுகத்தில் ப்ரீஷா கோர்லெட்டைச் சந்தித்தேன். மீனுக்குப் புகை போடும் கொட்டகை வைத்திருக்கிறாள். அவள் கணவன் சார்ஜென்ட் கோர்லெட் எங்கள் படைப்பிரிவு. பாலைவனத்தில் ஒரு காவல்சாவடியில் பத்துப் பேரோடு முற்றுகையில் சிக்கி, இரண்டு நாள் ரேடியோவில் உதவி கேட்டுக் கேட்டே செத்தவன். ஹெலிகாப்டர் போகவில்லை. அப்போது படைப்பிரிவின் தளபதி ட்ரஸ்காட். நான் அவனுக்கு அடுத்தபடி, கர்னல்.

"அனுப்ப வேணாம்னு சொன்னது யாருன்னு இருபத்தொரு வருஷமா கேக்கறேன் சார். கோப்பு ரகசியம்ங்கறாங்க. எனக்கு ஒரு பேரு தெரிஞ்சா போதும்."

பெயர் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கோப்பைத் திறக்கச் சொல்லி நானே அமைச்சகத்துக்கு எழுதுகிறேன் என்றேன். வீடு வரும்வரை சிரிப்பை அடக்க முடியவில்லை.

மே 2

எல்லாம் கூடி வருகிறது. நடுக்கோடை நாளில், ஜூன் 24 அன்று, தீவு முழுக்கப் புல்மேட்டில் கூடும். குறையுள்ள யாரும் மேடேறி ஆளுநர் கையில் மனு கொடுக்கலாம். எழுத்தர் அதை ஊரறியப் படிப்பார். படித்து முடிக்கும்வரை ஆளுநர் நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. ஒரு மாதத்துக்குள் தன் கைப்பட பதில் எழுத வேண்டும். எழுத்தர் படிக்கும்வரை மனுவை அவர் பார்க்கவும் கூடாது. ப்ரீஷாவை அன்று மனுவோடு வரச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடச் சிறப்பு விருந்தினர் யார் என்பதை முடிவு செய்வது நான். ட்ரஸ்காட்டுக்கு அழைப்பு போய்விட்டது. என் வலப்பக்கம் உட்காரட்டும். அத்தனை பேர் முன்னால் அவன் மூக்கை அறுக்கிறேன்.

மே 3

மனைவி வினியிடம் சொல்லியிருக்கக் கூடாது. "அந்த ஆளை நினைக்கிறதுல பாதி என்னை நினைச்சிருந்தா நான் எப்பவோ குண்டாயிருப்பேன்" என்றாள். பிறகு, சிரிக்காமல், அந்தப் பெண்ணின் துக்கத்தில் நான் ஏன் குளிர்காய்கிறேன் என்று கேட்டாள். அவளுக்கென்ன தெரியும்?

மே 28

கோப்பு திறந்துவிட்டது. நகல் நேரே ப்ரீஷாவுக்குப் போகிறது.

ஜூன் 11

வருகிறானாம். "பழைய நண்பனைப் பார்க்க ஆவல்" என்று எழுதியிருக்கிறான். ஆவல்! வா, வா.

ஜூன் 24

எப்படி எழுதுவது—

ப்ரீஷா மேடேறி வந்தாள். கறுப்பு உடுப்பு. மனுவை வாங்கும்போது என் கண்ணை நேராகப் பார்த்தாள். நான்... நான் தலையசைத்துத் தைரியம் சொன்னேன், முட்டாள்.

எழுத்தர் படித்தார். "காவல்சாவடிக்கு ஹெலிகாப்டர் அனுப்ப வேண்டியதில்லை. தளபதிக்காக, கையொப்பம், கர்னல் அம்ப்ரோஸ் ஃபெல்டன்."

என் பெயர். கோப்பு முழுக்க அந்த ஒரு பெயர்தான்.

தளபதிக்காகக் கையெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். ஒரு நாளைக்கு நூறு காகிதம். போட்டுப் போட்டு, எல்லாம் அவன் உத்தரவு, பேனா மட்டும்தான் என்னுடையது என்ற நினைப்பு ஊறிவிட்டது. அதை அங்கே சொல்லவும் முடியவில்லை. வாய் திறக்கக் கூடாதே. நாலாயிரம் பேர் பார்க்க, தொப்பியில் இறகு ஆட நின்றேன்.

இறங்கும்போது ட்ரஸ்காட் மெதுவாகச் சொன்னான்: "நான் தலைநகர்ல இருந்தேன் அம்ப்ரோஸ். நீயே பாத்து முடிவெடுன்னு சொல்லிட்டுதானே போனேன்? நீ என்னைக் கூப்பிட்டுக் கேக்கவும் இல்ல, அனுப்பவும் இல்ல."

ஜூன் 25

பொய் சொல்கிறான்.

ஜூன் 26

இல்லை. சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஜூலை 19

பதில் எழுதினேன். முதல் நகலில் ட்ரஸ்காட் பெயர் பதினோரு இடத்தில் வந்தது. கிழித்தேன். இரண்டாவதில் மணற்புயல், எரிபொருள் தட்டுப்பாடு. அதையும் கிழித்தேன். இப்போது, முடிவு என்னுடையது என்று இரண்டே வரி. ராஜினாமாவைத் தனியே அனுப்பியாயிற்று. வினி பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினாள்.

ஜூலை 22

கடிதத்தை நானே கொட்டகைக்குக் கொண்டுபோனேன். ப்ரீஷா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நின்றபடியே படித்து மடித்தாள்.

"அவர் கேட்டப்போ ரேடியோவை எடுத்தது நீங்களா?"

ஆமாம் என்றேன்.

"என்ன சொன்னாரு?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டுவிடக் கூடாதே என்றுதான் இருந்தேன் போலிருக்கிறது. ஒரு சொல்கூட மறக்கவில்லை. முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன்.