இடுப்பில் இரண்டு விரல்

டெய்லரம்மாவுக்கு,

நீ எடுத்து வைத்த அரைத் தட்டுச் சோறு போதவில்லை. சட்டியையே வழித்துவிட்டுத்தான் டியூட்டிக்குக் கிளம்புகிறேன்.

"சிகரெட் பிடிச்சப்போ மனுஷன் சிக்குன்னு இருந்தாரு"ன்னு நேற்று அளவு கொடுக்க வந்த அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாயே! அந்த ஒல்லி நிக்கோட்டின் கொடுத்தது. பசியைக் கொன்று, சும்மா இருக்கும்போதும் உடம்பை எரித்தது. புகை மூச்சைத் தின்றது. சிகரெட்டை விட்டு நாலு மாதத்தில் ஏழு கிலோ ஏறிவிட்டது. ஏறட்டும், கப்பலா கவிழ்ந்துவிட்டது? இளைப்பதற்காக மறுபடி பற்றவைக்கிற ஆள் நானில்லை.

நீல பேன்ட் மெஷின்மேல் இருக்கிறது. இடுப்பைப் பிரித்து இரண்டு விரல் தாராளமாக விட்டுத் தை.

பி.கு: போன வாரம் லிஃப்ட் ஓடாத அன்று, காய்ச்சலில் கிடந்த உன்னை மூன்று மாடி முதுகில் சுமந்து வந்தேன். வழியில் ஓரிடத்திலும் நின்று மூச்சு வாங்கவில்லை. அதையும் அந்த அம்மாவிடம் சொல்.